மம்மல் வெளிச்சத்தில் குறி பார்க்கிறது

யாழ்ப்பாணத்தில் மம்மல் பொழுது எண்டால் இருபது, இருபத்திரண்டு நிமிசம்தான். சூரியன் விழுந்தால் விளக்குக் கொளுத்த வேணும், அவ்வளவுதான். இங்கே இஷொயில் கதை வேற. யூன் கடைசியில் சூரியன் இரவு பத்து மணிக்குச் சற்று முந்தி மறையும். அதற்குப் பிறகும் ஐம்பது நிமிசம் வெளியில் ஆளைத் தெரியிற அளவுக்கு வெளிச்சம் நிற்கும். டிசம்பரில் பின்னேரம் மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில் சூரியன் போய்விடும். அப்பவும் மம்மல் முக்கால் மணித்தியாலம் இழுபடும்.

வடக்கு நாடுகளில் வாழுற எங்களுக்கு இந்த நீண்ட மம்மல் பழகிப்போன விசயம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வாறதும், கடைக்குப் போறதும், கார் ஓடுறதும் இந்த நேரத்தில்தான். மான்களும் இந்த நேரத்தில்தான் காட்டு ஓரத்திலிருந்து வயலுக்கு இறங்கும். அதனால் டெனிஷ் வேட்டைக்காரருக்கு ஒரு நாளில் பெறுமதியான நேரம் இதுதான்.

"எங்கட ஆக்களுக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்?" எண்டு கேட்பீர்கள். டென்மார்க்கில் வேட்டை அனுமதி அட்டை, அதுதான் ஜெக்டெய்ன், வைத்திருக்கிறவர்கள் 160,000 பேருக்கு மேல். எண்பதுகளில் வந்த தமிழர்களில் பெரும்பகுதி யூலாண்ட் பக்கம், ஹெர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ, கிரின்ட்ஸ்டெட் மாதிரியான ஊர்களிலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும் குடியிருத்தப்பட்டார்கள். அங்கே தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்களோடு வேட்டைக்குப் போய்ப் பழகி, சோதனை எழுதி அட்டை எடுத்த சில அப்பாமாரை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் என் மாமா, மனைவியின் அப்பா. வயது 66. இப்போது எங்களுக்குக் கிட்ட இருக்கிறார். போன வருசம் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "தம்பி, மம்மலுக்க இப்ப துலக்கமாத் தெரியேல்லை. பெரிய ஸ்கோப் ஒண்டு வாங்கினா சரிவருமோ?"

கேள்வி சின்னது. பதில் சொல்ல வெளிக்கிட்ட பிறகுதான் அது ஸ்கோப்பைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை எண்டு விளங்கியது. உங்கள் வீட்டில் வேட்டை இல்லாவிட்டாலும் வயது போற ஒரு சோடிக் கண் இருக்கும். அதனால் வாசியுங்கோ.

இடியனுக்குக் குறி தேவைப்படவில்லை

வன்னியில் எங்கட பாட்டன்மார் வேட்டைக்குக் கொண்டுபோனது இடியன் துவக்கு. குழல் வாயால் மருந்தும் சன்னமும் போட்டு இடிச்சு இறுக்குவதால்தான் அதற்கு அந்தப் பெயர். குளக்கட்டுக்குக் கிட்ட மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பார்கள், அல்லது தலையில் லைற்றைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். மிருகம் மிகக் கிட்ட வரும் வரைக்கும் வெடி வைக்க மாட்டார்கள், ஏனென்றால் அதற்கு மேலே இடியன் எடுபடாது. சன்னம் பரந்து போகும். நுணுக்கமாகக் குறி பார்க்கிற வேலை அங்கே குறைவு. வெளிச்சம் குறைந்தால் தூரத்தைக் குறைப்பதுதான் அவர்களின் வழி.

ஜிம் கோர்பெட் 1938 நவம்பர் கடைசியில் குமாவோன் மலையில் தாக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டபோது அவருக்கு 63 வயது. பொழுது சாயிற கடைசி வெளிச்சம். அங்கேயும் புலி மிகக் கிட்ட வந்த பிறகுதான் வெடி விழுந்தது. வயது போன கண்ணுக்கும் மங்கல் வெளிச்சத்துக்கும் மனுசர் கண்டுபிடிச்ச முதலாவது தீர்வு கிட்டப் போறதுதான்.

டென்மார்க்கில் மானுக்கு ரைபிள் பாவிக்க வேறாகச் சுடும் சோதனை ஒன்று பாஸ் பண்ண வேணும். அதன் தூரம் 100 மீற்றர். காட்டிலும் ஏறத்தாழ அந்தத் தூரங்களில்தான் சுடுவார்கள். லைற் அடிச்சு வேட்டையாடப் பொதுவாக அனுமதி இல்லை. வேட்டை நேரம் பொதுவாகச் சூரியன் உதிக்கிறதில் இருந்து மறையும் வரை. சில இனங்களுக்குச் சில காலங்களில் முன்னும் பின்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். (அந்தந்த வருசத்து அட்டவணையைப் பார்த்தே போக வேணும்.) ஆகவே இங்கே ஒருவர் தன் கண்ணிலும் துவக்கின் மேல் இருக்கிற குறிக்கருவியிலும்தான் தங்கி இருக்கிறார்.

கண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது

மூன்று மாற்றங்கள். மூன்றும் எல்லோருக்கும் வரும், எங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

முதலாவது, கண் வில்லை இறுகும். சின்ன வயதில் வில்லை வளைந்து கொடுத்து, கிட்ட உள்ளதையும் தூர உள்ளதையும் மாறி மாறித் துலக்கமாகக் காட்டும். நாற்பத்தைந்தை அண்டி அது குறைந்து வெள்ளெழுத்து வரும். போனைக் கையை நீட்டிப் பிடித்து வாசிக்கத் தொடங்கினால் வில்லை இறுகத் தொடங்கிவிட்டது எண்டு அர்த்தம்.

இரண்டாவது, கண்பாவை சின்னதாகும். கருவிழியின் நடுவில் வெளிச்சம் உள்ளே போற ஓட்டைதான் பாவை. இருபது வயதுக்காரருக்கு இருட்டில் அது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் விரியும். அறுபது தாண்டியவருக்கு 5 மில்லிமீற்றர், சிலருக்கு அதிலும் குறைவு. 7க்கும் 5க்கும் வித்தியாசம் சின்னது போலத் தெரியும். ஆனால் வெளிச்சம் போறது வட்டத்தின் பரப்பளவால். 49ஐ 25ஆல் பிரித்துப் பாருங்கோ, கிட்டத்தட்ட இரண்டு. அதாவது பாதி வெளிச்சம் வாசலிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, வில்லை மஞ்சளாகி, மெல்ல மெல்லக் கலங்கும். கூடிப்போனால் அதைத்தான் கண்புரை என்கிறோம். கலங்கின வில்லை வெளிச்சத்தைச் சிதறடிக்கும். எதிரே வாற காரின் லைற்றைச் சுற்றி வளையம் தெரிவதற்குக் காரணம் இதுதான். பாவை சுருங்கினதையும் வில்லை மங்கினதையும் சேர்த்தால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேர்வது இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எண்டு கண் மருத்துவத்தில் கணக்குச் சொல்லுவார்கள்.

எங்கட ஆக்களுக்கு நாலாவதும் ஒன்று உண்டு: சீனி வருத்தம். தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஐரோப்பியரை விடக் கூடுதலாகவும் இளவயதிலும் வருகிறது. அது விழித்திரையைப் பழுதாக்கும். அதற்கு லேசர் சிகிச்சை செய்தவர்களுக்கு இருட்டுப் பார்வை இன்னும் குறையலாம். பகலில் பேப்பர் வாசிக்கிற அப்பாவுக்கு மம்மலில் படிக்கட்டுத் தெரியாமல் இருக்கலாம்.

கண் சோதனை அட்டை இதைக் காட்டாது. கார் அனுமதிக்கு ஐரோப்பிய விதி கேட்பது, இரண்டு கண்ணும் சேர்ந்து 0.5 பார்வை. நல்ல வெளிச்சத்தில், வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. "ஒப்டிகர் எல்லாம் சரி எண்டு சொன்னவர்" என்று மாமா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒப்டிகரின் அறையில் மம்மல் வாறதில்லை.

எந்தக் குறிக்கருவி?

நாலு வகையைச் சொல்லுகிறேன்.

திறந்த குறி. துவக்கின் பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முனை. பின்வெட்டு, முன்முனை, மான் மூன்றும் ஒரே கோட்டில் வர வேணும். பின்வெட்டு கண்ணிலிருந்து அரை மீற்றர் அளவில், முன்முனை ஒரு மீற்றருக்குக் கிட்ட, மான் நூறு மீற்றரில். ஒரு கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் துலக்கமாகப் பார்க்கும். இளம் கண் வேகமாக மாறி மாறிப் பார்த்துச் சமாளிக்கும். இறுகின வில்லை சமாளிக்காது. வாசிப்புக் கண்ணாடி போட்டால் முனை துலங்கும், மான் கலங்கும். வயது போன கண்ணை முதலில் கைவிடுவது இந்தத் திறந்த குறிதான்.

ஓட்டைக் குறி. பின்னால் வெட்டுக்குப் பதிலாகச் சின்ன ஓட்டை. கமராவில் ஓட்டையைச் சுருக்கினால் கிட்டவும் தூரமும் சேர்ந்து துலங்கும் அல்லவா, அதே வேலை. வெள்ளெழுத்துக் கண்ணுக்குப் பகலில் இது அருமையான மருந்து. ஆனால் ஓட்டை சுருங்கினால் வெளிச்சமும் குறையும். மம்மலில் உதவாது.

ரெட் டொட். கண்ணாடித் துண்டில் சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும், அதை மானில் வைத்தால் போதும். புள்ளி வெகுதூரத்தில் இருப்பது போலத் தெரிவதால் வில்லைக்கு வேலை இல்லை, இரண்டு கண்ணும் திறந்திருக்கலாம். இதை 1975இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது எய்ம்பொயின்ற். பாலத்தைத் தாண்டினால் மால்மோ, அங்கேதான் அவர்களின் தலைமையகம். ஆக்கள் கலைக்க ஓடி வாற மிருகத்துக்குப் பகலில் இது நல்லது. ஆனால் இது எதையும் பெருப்பிக்காது, வெளிச்சத்தைச் சேர்த்தும் தராது. இன்னொன்று: கருவிழியின் வளைவு சீரில்லாதவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது, வால் முளைச்ச நட்சத்திரம் போலத் தெரியும். கடையில் போன் கமராவால் அந்தப் புள்ளியைப் படம் எடுத்துப் பாருங்கோ. படத்தில் வட்டமாக இருந்தால் கருவியில் பிழை இல்லை, கண்ணைத்தான் சோதிக்க வேணும்.

ஸ்கோப். இதில் மானின் உருவமும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் விழும். கண் ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். பின்பக்க வளையத்தைத் திருப்பிக் கோட்டைத் தன் கண்ணுக்குத் துலக்கமாக்கலாம். உருவம் பெரிதாகும். நிற்கிற மானை மம்மலில் பார்க்கிற அறுபது வயதுக்காரருக்கு ஸ்கோப்தான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த ஸ்கோப் என்பதில்தான் மாமாவின் கேள்வி வருகிறது.

பெரிசு எண்டால் நல்லதோ?

ஸ்கோப்பில் 8×56 எண்டு எழுதி இருந்தால், 8 மடங்கு பெருப்பிக்கும், முன்வில்லை 56 மில்லிமீற்றர். 56ஐ 8ஆல் பிரியுங்கோ: 7. ஸ்கோப்பை வானத்துப் பக்கம் கைநீட்டுத் தூரத்தில் பிடித்தால் பின்வில்லையில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் குறுக்களவுதான் இந்த 7 மில்லிமீற்றர். கண்ணுக்குள் போகப்போற ஒளிக்கற்றையின் தடிப்பு அது. (இதைத் துவக்கில் பூட்டாத ஸ்கோப்பிலோ பைனாகுலரிலோ மட்டும் செய்து பாருங்கோ.)

விற்கிறவர் சொல்லுவார்: "மம்மலுக்கு 8×56, இதுக்கு மேலே இல்லை." இருபது வயதுப் பாவைக்கு அது சரி. 7 மில்லிமீற்றர் கற்றை 7 மில்லிமீற்றர் ஓட்டைக்குள் முழுதாகப் போகும். மாமாவின் பாவை 5 மில்லிமீற்றர் எண்டு வையுங்கோ. கற்றையின் பாதி வெளிச்சம் கருவிழியின் கறுப்பில் பட்டு வீண். அதே 8 மடங்கில் 42 மில்லிமீற்றர் வில்லை 5.25 மில்லிமீற்றர் கற்றை தரும். மாமாவின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெளிச்சம்தான். ஒன்றின் விலையும் பாரமும் மட்டும் கூட.

கடையில் யாரும் இந்தக் கணக்கை இப்படிச் சொல்லித் தர மாட்டார்கள். ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். பெரிய வில்லை முழு வீண் இல்லை. பெருப்பத்தை மாற்றக்கூடிய ஸ்கோப்பில் 56 வில்லையை 11 மடங்கு வரை கூட்டினாலும் கற்றை 5 மில்லிமீற்றருக்குக் குறையாது, 50 வில்லைக்கு 10 மடங்கு, 42க்கு 8. மங்கலில் உருவம் பெரிதானால் விபரம் கூடும். ஆகவே வயது போன கண் பெரிய வில்லையின் பலனை எடுப்பது கூடின பெருப்பத்தில். அதற்கு விலை, பார்வைப் பரப்பு சுருங்கும், கைநடுக்கமும் சேர்ந்து பெருக்கும். தடித்த கற்றைக்கு இன்னொரு நன்மை, தலை கொஞ்சம் அசைந்தாலும் படம் கறுக்காது. கழுத்துப் பிடிப்பு உள்ளவருக்கு அது பெரிய விசயம்.

விளம்பரங்களில் "மம்மல் எண்" எண்டு ஒன்று போடுவார்கள். பெருப்பத்தையும் வில்லை அளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். 8×56க்கு 21.2, 10×50க்கு 22.4. கண்ணாடியின் தரம் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. மலிவான 10×50 கூட விலையுயர்ந்த 8×56ஐ வென்றுவிடும்! பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 வீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பன்னிரண்டு பரப்பைத் தாண்டி வந்தால் மிஞ்சுவது 61 வீதம். 1935இல் சைஸ் கொம்பனியில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்டுபிடித்த எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு இதை மாற்றியது. இன்றைய நல்ல ஸ்கோப்கள் 90 வீதத்தை அண்டி உள்ளே விடுகின்றன. அதோடு, நல்ல கண்ணாடி ஒளிச்சிதறலைக் குறைக்கும். கண்ணுக்குள் ஏற்கெனவே சிதறல் இருக்கிறவருக்கு இதுதான் முக்கியம். காசு இருந்தால் அளவில் போடாமல் தரத்தில் போடுங்கோ.

கோட்டையும் பாருங்கோ. மயிர் போல மெல்லிய கோடு பகலில் வடிவு, மம்மலில் மாயம். மூன்று பக்கம் தடித்த கட்டை வந்து நடுவில் மட்டும் மெல்லியதாகும் நாலாம் இலக்கக் கோடு என்ற பழைய ஜேர்மன் வகை இதற்காகவே வந்தது. நடுவில் சின்ன ஒளிப்புள்ளி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதன் வெளிச்சத்தை எவ்வளவு குறைக்கலாம் எண்டு கேளுங்கோ. புள்ளி பிரகாசமாக இருந்தால் பக்கத்தில் உள்ள மங்கல் மான் கண்ணுக்கு எடுபடாது. கடையின் வெளிச்சத்தில் இது தெரியாது. சாயங்காலம் கடை வாசலுக்கு வெளியில் பார்க்க விடுவார்களோ எண்டு கேட்டுப் பாருங்கோ, அநேகமாக விடுவார்கள்.

கண்ணாடி போடுகிறவர் தன் தூரப்பார்வைக் கண்ணாடியோடுதான் கடைக்குப் போக வேணும். கன்னத்தைத் துவக்கில் வைத்தால் பார்வை கண்ணாடியின் மேல்மூலையால் போகும். பல தூரக் கண்ணாடியில் அந்த ஓரம் நெளிஞ்சு தெரியலாம். சிலர் வேட்டைக்கு மட்டும் ஒரு தூரக் கண்ணாடி செய்து வைத்திருக்கிறார்கள். மலிவான, பலன் கூடின செலவு அது.

ஸ்கோப் செய்யாத வேலை

இவ்வளவும் சொன்ன பிறகு முக்கியமானதுக்கு வாறேன். நல்ல ஸ்கோப் குறி வைக்க உதவும். நிற்கிறது என்ன எண்டு முடிவெடுக்கிற வேலை அதற்கு முதலே முடிந்திருக்க வேணும்.

மங்கலில் கண் நிறத்தைக் கைவிடும். அதிலும் முதலில் போறது சிவப்பு. பகலில் எங்கள் கண்ணுக்கு மஞ்சட்பச்சை பிரகாசம். இருளும்போது அது நீலப்பச்சைப் பக்கம் நகரும், சிவப்பு கறுப்பாகும். பூந்தோட்டத்தில் நின்று பாருங்கோ, பொழுது படும்போது சிவப்பு ரோசா கறுத்துவிடும், இலை மட்டும் வெளிறித் தெரியும். டென்மார்க்கின் றோடூர் மான் கோடையில் செம்பழுப்பு. ஆண் மான் வேட்டை தொடங்குவது மே 16. அப்போதைய மம்மலில் அந்தச் செம்பழுப்புத் தோல் வெறும் கருநிழல். ஆணோ பெண்ணோ, பின்னால் குட்டி நிற்குதோ, பற்றைக்கு அங்கால் என்ன, எதுவும் நிறத்தால் தெரியாது.

கூட வேட்டைக்கு வாறவர் போட்டிருக்கிற செம்மஞ்சள் தொப்பியும் அதே பக்கத்து நிறம்தான். காப்பாற்றுவதற்காகப் போட்ட நிறம், காப்பு கூடத் தேவைப்படுகிற நேரத்தில் மங்குகிறது. நாயோடு நடக்கப் போகிற பக்கத்து வீட்டுக்காரரின் பழுப்பு ஜக்கற் எப்படித் தெரியும் எண்டு யோசியுங்கோ.

அதனால் எங்கள் வீட்டில் இரண்டு விதி வைத்திருக்கிறோம். ஒன்று, தேடுறது பைனாகுலரால் மட்டும். ஸ்கோப்பால் தேடினால் துவக்கின் வாயும் கூடவே திரும்பும். என்ன எண்டு தெரியாத ஒன்றின் மேல் துவக்கைப் பிடிக்கக் கூடாது. இருக்கிற காசில் ஒரு பகுதியை நல்ல பைனாகுலருக்கு ஒதுக்கச் சொன்னதும் இதனால்தான். அதே கணக்குத்தான் அதற்கும்: 5 மில்லிமீற்றர் பாவைக்கு 8×42 போதும்.

இரண்டாவது, சட்டம் சொல்லுகிற நேரம் வேற, எங்கட கண் சொல்லுகிற நேரம் வேற. முந்தி வாறது எதுவோ அதோடு நிறுத்துறது. சட்டம் எல்லோருக்கும் ஒரே மணிக்கூடு, அதற்கு 26 வயதும் 66 வயதும் ஒன்றுதான். காயப்பட்ட மானைத் தேடப் பழக்கின நாய்களோடு வரும் தொண்டர்கள் டென்மார்க் முழுக்க இருக்கிறார்கள், இரவிலும் வருவார்கள். அவர்களைக் கூப்பிடத் தேவை வராமல் பார்க்கிறதுதான் வேட்டைக்காரனின் மரியாதை.

அப்பாவோடு எப்படிக் கதைக்கிறது

எங்கட அப்பாமார் "எனக்குக் கண் தெரியேல்லை" எண்டு லேசில் சொல்ல மாட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து, பாசை தெரியாமல், குளிருக்குள் சைக்கிள் ஓடி வேலைக்குப் போய், ஒவ்வொன்றாகப் பிடிச்ச உரிமைகள் அவை. கார் அனுமதியும் ஜெக்டெய்னும் அவர்களுக்கு வெறும் அட்டை இல்லை. "இனி விடுங்கோ அப்பா" எண்டு நாங்கள் ஒரு வரியில் சொன்னால், அவர்களுக்குக் கேட்பது வேற.

ஸ்கோப் கேட்கிறது அவர்கள் உதவி கேட்கிற முறை. "துலக்கமாத் தெரியேல்லை" என்பதை ஒரு சாமான் வாங்குகிற கதைக்குள் சுத்தித் தந்திருக்கிறார். அந்தக் கதையைத் தட்டிவிடாமல் கூட நில்லுங்கோ. ஒழுங்கு மட்டும் மாற வேணும்: முதலில் கண், பிறகு கண்ணாடி, பிறகுதான் ஸ்கோப்.

டென்மார்க்கில் கண் டொக்டரிடம் போகக் குடும்ப டொக்டரின் கடிதம் தேவை இல்லை. நேரே நேரம் எடுக்கலாம், அதற்குக் காசும் இல்லை. கூடப் போங்கோ, மொழிபெயர்க்கிற சாட்டிலாவது. நாலு கேள்வி கேளுங்கோ: கண்புரை எந்த அளவில்? மங்கலில் பாவை எவ்வளவு விரியுது? சீனியால் விழித்திரைக்கு ஏதும் உண்டோ? இரவில் கார் ஓடலாமோ? கண்புரைதான் காரணம் எண்டால், எந்த விலை ஸ்கோப்பும் தராத வெளிச்சத்தை அந்த ஒரு சத்திரசிகிச்சை தரும். அதற்குப் பிறகு துவக்கின் உதைப்பை எப்போது தாங்கலாம் எண்டு டொக்டரிடமே கேளுங்கோ.

வேட்டை இல்லாத வீடுகளுக்கு இஷொயில் ஒரு சுகமான சோதனை உண்டு. காற்று இல்லாத பின்னேரம் ஒன்றில் அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பூங்காவுக்குப் போங்கோ. போனைப் பொக்கற்றில் வைத்துவிட்டு இருபது, முப்பது நிமிசம் இருங்கோ, கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேணும். பிறகு தண்ணிக்கு அங்கால் ஆர்க்கன் அருங்காட்சியகப் பக்கம் நடக்கிற ஆக்களைப் பார்த்து, ஆரும் ஆருக்கும் சொல்லிக்கொடுக்காமல், எத்தினை பேர், என்ன நிற உடுப்பு, நாய் இருக்கோ எண்டு மூன்று தலைமுறையும் தனித்தனியாகச் சொல்லுங்கோ. பத்து வயதுப் பிள்ளை சொல்லுகிறதும் நீங்கள் சொல்லுகிறதும் அப்பா சொல்லுகிறதும் ஒன்றாக இராது. எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது, 37 வயது எனக்கும் மகளுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைக் கண்டு மாமா சிரித்தார். அதற்குப் பிறகுதான் தன் கண்ணைப் பற்றித் தாராளமாகக் கதைத்தார்.

கடைசியில் மாமா வாங்கியது 42 வில்லை ஸ்கோப் ஒன்றும் ஒரு தூரக் கண்ணாடியும். 56ஐ அவர் கேட்கவே இல்லை. சட்டம் விடுகிற நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தியே துவக்கிலிருந்து ரவையை எடுத்துவிட்டு, பைனாகுலரோடு மட்டும் இருந்து பார்க்கிறார். மான்களை முந்தியை விடக் கூடப் பார்க்கிறதாகச் சொல்லுகிறார். உங்கள் அப்பாவுக்கு அந்த எல்லை எங்கே எண்டு அவரோடு கதைச்சுப் பாருங்கோ. அதோடு உங்களுடைய எல்லையையும் எழுதி வையுங்கோ, இருபது வருசத்தில் உங்கட பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.